கந்தையும் கலையும்

‘கந்தை’ என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெயர் இல்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று அறிவுரை கூறும் பழமொழியிற்கூட, அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லில் ஓர் இளக்காரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வங்காளத்தில் நிலைமை வேறு. அதே வடமொழி வேரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் ‘காந்தா’ என்ற சொல், பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த போர்வைக்கு அங்கே பெயராயிற்று. அது ஒரு காவியத்தின் தலைப்பில் இடம்பெற்றது. நூதனசாலைகளின் கண்ணாடிப் பேழைகளுக்குள் புகுந்தது. இன்று விலையுயர்ந்த பட்டுச் சேலைகளின் விளம்பரத்திலும் வந்து நிற்கிறது. ஒரு வேர் ஓரிடத்தில் வெட்கமாகவும் மற்றோரிடத்தில் பெருமையாகவும் கிளைத்திருக்கிறது. இந்த வேற்றுமையை மொழியாராய்ச்சிக்குரிய செய்தியென்று ஒதுக்கிவிடலாகாது. உழைக்கும் பெண்ணின் கைவேலையை இலக்கியமும் விமர்சனமும் எவ்வாறு மதிக்கின்றன என்ற வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

நமது பண்டை இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் பரிசில் பெற்ற பொருநன் தான் முன்பு உடுத்திருந்த துணியைப் பற்றிப் பேசுகிறான். வேர்வையில் ஊறி, பேன் குடியேறி, வேறு நூல் கொண்டு ஆங்காங்கே தைக்கப்பட்ட கந்தை அது. மன்னன் அதை நீக்கி அவனுக்கு அளித்த ஆடையோ, நெய்த இழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்மை வாய்ந்தது. வறுமையை மூடி மறைக்காத இப்புலவரின் நேர்மை போற்றத்தக்கது. எனினும் இரு துணிகளையும் அவர் எந்த அளவுகோலால் அளந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். இழை தெரியாத துணி மன்னனின் கொடைக்குத் தகுதி பெறுகிறது. இழை தெரியும் துணி களைந்தெறியப்படுகிறது. நெய்தவனின் கைச்சுவடு எவ்வளவு மறைகிறதோ அவ்வளவுக்குப் பொருள் உயர்வடைகிறது. தைத்தவளின் கைச்சுவடு எவ்வளவு வெளிப்படுகிறதோ அவ்வளவுக்குப் பொருள் இழிவடைகிறது. கொடுப்போர் என்றும் இரப்போர் என்றும் பிரிந்து நின்ற ஒரு சமுதாயத்தின் அழகுணர்ச்சி இது. அச்சமுதாயம் மறைந்து நூற்றாண்டுகள் பல கடந்தும், அதன் அளவுகோல் நம்மிடையே மறையவில்லை.

வங்காளத்துக் காந்தாவோ இந்த அளவுகோலைத் தலைகீழாக்கியது. அதன் அழகு முழுவதும் நூல் சென்ற வழி தெரிவதிலேயே இருக்கிறது. பலமுறை தோய்த்து நைந்து மென்மையான வெள்ளைச் சேலைகள் இரண்டோ மூன்றோ, சில வேளை அவற்றினும் மிகுதியாகவோ, தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கப்படுகின்றன. சுருக்கமின்றி நீவி, ஓரங்களைத் தைத்துக்கொண்டபின், ஊசியை உள்ளும் புறமுமாக நேரே ஓட்டும் எளிய தையலால் பரப்பு முழுவதும் இணைக்கப்படுகிறது. நிற நூலையும் கடையில் வாங்குவதில்லை. பழஞ்சேலையின் கரையிலிருந்தே அதை உருவிக்கொள்வது மரபு. நடுவே தாமரை, நான்கு மூலைகளிலும் மரங்கள், இடையிடையே மீன், படகு, யானை, பல்லக்கு எனச் சித்திரங்கள் விரிகின்றன. குளிருக்குப் போர்த்தும் தடித்த லேப், சீப்பையும் கண்ணாடியையும் சுற்றிவைக்கும் ஆர்சிலதா, தலையணைக்குரிய ஓர் எனப் பயனுக்கேற்பப் பெயர்கள் வேறுபடும். பிறந்த குழந்தையின் மேனிக்குப் புதுத்துணியைவிட நைந்த துணியே இதமானது என்பது அத்தாய்மாருக்குத் தெரியும். பழந்துணி கண்ணேறு கழிக்கும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

இங்கே வடிவத்தைத் தீர்மானித்தது தேவையே என்பது வெளிப்படை. நைந்த துணி தனியே நிற்காது; ஆதலால் அடுக்க வேண்டும். அடுக்கிய துணி நழுவும். ஆதலால் நெருங்கத் தைக்க வேண்டும். நெருங்கத் தைக்கையில் பரப்பெங்கும் சிற்றலைகள் போன்ற நெளிவு பிறக்கிறது. காந்தாவின் தனி அழகென்று கலையறிஞர் போற்றும் அந்த நெளிவு, துணி கிழிந்துவிடாமல் காக்கும் உபாயத்தின் விளைவேயாகும்.

‘மூலதனம்’ நூலின் முதல் அத்தியாயத்தில் மார்க்ஸ் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நம் வாசகர்கள் அறிந்ததே: இருபது யார் லினன் துணி ஒரு மேற்சட்டைக்குச் சமம். துணியும் சட்டையும் சந்தையில் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று அளக்கின்றன. அந்தச் சட்டை தேய்ந்து கிழிந்தபின் என்ன ஆகிறது? சந்தையின் கணக்கில் அது பூச்சியம். காந்தாவின் கதை அந்தப் பூச்சியத்திலிருந்தே தொடங்குகிறது. பரிவர்த்தனை மதிப்பு முற்றும் நீங்கிய ஒரு பொருளின்மேல் ஒரு பெண் தன் உழைப்பை ஏற்றி, விற்பதற்கன்றிப் போர்த்துவதற்கென்று ஒரு பயன் மதிப்பைப் படைக்கிறாள். அந்த உழைப்புக்குக் கூலி இல்லை, கணக்கேடும் இல்லை. அடுப்படி வேலைக்கும் வயல் வேலைக்கும் இடையே, மழைக்காலப் பகற்பொழுதுகளில், மாதக்கணக்கில் அது நடந்தது. கணக்கில் வராத உழைப்பு என்பதாலேயே அதைச் செய்தவரின் பெயரும் வரலாற்றில் வராமற் போயிற்று.

விதிவிலக்குகள் சில உண்டு. ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தும் கிராமியக் கலைகளைத் தேடித் திரட்டிய குருசதய் தத்தின் சேகரிப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த காந்தா ஒன்று இருக்கிறது. மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது அது. தன் கையால் செய்ததென்று தன் பெயரையும் அவள் நூலாலேயே எழுதியிருக்கிறாள். பெண்ணுக்கு எழுத்தறிவு அருமையாக இருந்த காலத்தில், தாளும் மையும் எட்டாத ஒருத்தி ஊசியால் இட்ட கையெழுத்து அது. கவிஞர் தம் பெயரைப் பாட்டின் முடிவில் முத்திரையாகப் பதிப்பதை இலக்கியம் என்போம். இதனைமட்டும் கைப்பணி என்று சொல்லி நிறுத்திக்கொள்வோமாயின், அந்த எல்லைக்கோட்டை வரைந்தது யார் என்று கேட்டாக வேண்டும்.

இவ்வினாவுக்கு இலக்கியத்தின் வழியே விடை தேடியவர் கிழக்கு வங்காளத்து ஃபரீத்பூரைச் சேர்ந்த கவிஞர் ஜசீமுத்தீன். தினேஷ் சந்திர சென்னுக்குத் துணையாக ஊரூராகச் சென்று நாட்டுப் பாடல்களைத் திரட்டியவர் அவர். 1929இல் வெளிவந்த அவரது ‘நக்‌ஷி காந்தார் மாட்’ என்னும் கதைக்கவிதையின் பெயரை, சித்திரத் தையற் கந்தையின் வயல் என்று தமிழிற் சொல்லலாம். பத்தாண்டுகள் கழித்து, 1939இல், அது ஆங்கிலத்திலும் வந்தது. ரூபாய் என்ற உழவனும் சாஜு என்ற அயலூர்ப் பெண்ணும் மணந்து வாழ்கின்றனர். விளைந்த நெல்லைப் பற்றிய பூசலில் கைகலப்பு மூண்டு கொலையில் முடிகிறது. ரூபாய் ஊரைவிட்டு ஓடுகிறான். காத்திருக்கும் சாஜு தன் வாழ்வின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்தபின் அதைத் தன் புதைகுழியின்மேல் விரிக்கும்படி தாயிடம் வேண்டி உயிர் விடுகிறாள். பின்னொரு நாள் அக்குழியருகே, அந்தக் காந்தாவைப் போர்த்தியபடி ரூபாய் இறந்து கிடக்கக் காண்கின்றனர்.

இக்கவிதையைக் காதற் சோகம் என்ற அளவில் மெச்சிவிட்டு அப்பாற் செல்வோர் பலர். நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, காதலரைப் பிரித்தது விதியன்று, நெல். நிலமும் விளைச்சலும் யாருக்கு என்ற போராட்டமே இக்குடும்பத்தைச் சிதைத்தது. மற்றொன்று, எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவர் மகளை ஒரு காவியத்தின் ஆசிரியையாக ஜசீமுத்தீன் கருதினார். சாஜு தைத்ததையே தாம் பாடுவதாக அவர் தம் நூலை அமைத்தார். இந்திய இலக்கியத்தில் இஃது ஒரு பெரிய அடிவைப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒரு குறையையும் கூறவே வேண்டும். ஜசீமுத்தீனின் கையில் காந்தா புழக்கத்திலிருந்து விலகிவிடுகிறது. ஊரில் ஒருத்தி தைத்த போர்வை குழந்தையின்மேல் கிடந்து, நனைந்து, வெயிலில் உலர்ந்து, கிழிந்து, மற்றொரு போர்வையின் உட்துணியாகப் போய்ச் சேரும். சாஜுவின் காந்தாவோ புதைகுழிக்கு விரிப்பாகி நின்றுவிடுகிறது. துயரத்தின் சின்னமாக உயர்ந்த அளவுக்கு, குளிருக்குப் போர்த்தும் பொருள் என்ற நிலையை அது இழந்தது. கவிஞர் அன்பினால் செய்த இந்த விலக்கத்தைப் பின்வந்த காலத்தில் சந்தை ஆதாயத்துக்காகச் செய்தது. பழஞ்சேலையைக் காப்பாற்றப் பிறந்த தையல் இன்று புதிய டசர்ப் பட்டுச் சேலைக்கு அலங்காரம். 1971இன் விடுதலைப் போருக்குப் பின்னர் வங்காளதேசத்தில் ஆதரவிழந்த பெண்கள் பலருக்கு இத்தையல் சோறு போட்டது உண்மை. அதை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் புதுத்துணியில், பிறர் வரைந்து தந்த சித்திரத்தின்மேல், துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைப்பவள் மானதாசுந்தரியைப் போலத் தன் பெயரை எழுத முடியுமா?

இதே வினா கடலுக்கு அப்பால் இன்னும் கூர்மையாக எழுந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவொன்றினுள் அமைந்த சிற்றூர் ஜீஸ் பென்ட். அடிமைகளாகப் பருத்தி பயிரிட்டவர்களின் சந்ததியினர் அங்கே வாழ்கின்றனர். 1932இல், அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்ததும், கடனுக்கு ஈடென்று சுமார் அறுபது குடும்பங்களின் கால்நடைகளும் கருவிகளும் தானியமும் வாரிச் செல்லப்பட்டன. 1962இல், இம்மக்கள் வாக்காளராகப் பதிய முனைந்த காலத்தில், ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நின்றது. அது மீண்டும் தொடங்கியது 2006இல்தான். இத்தகைய ஊரின் பெண்கள் கிழிந்த வேலையுடைகளையும் மாச்சாக்குகளையும் வெட்டி இணைத்துப் போர்வை தைத்தனர். 1966இல் அவ்வட்டாரத்தில் ‘ஃபிரீடம் குயில்டிங் பீ’ என்ற தையற் கூட்டுறவு தோன்றியது. குடியுரிமை இயக்கத்தின் நேரடிப் பிள்ளை அது.

2002இல் ஹூஸ்டன் நகரிலும் பின் நியூயோர்க்கிலும் இப்போர்வைகள் நூதனசாலைச் சுவர்களில் தொங்கின. விமர்சகர்கள் மத்தீஸ், கிளே ஆகிய ஓவியர்களை நினைவுகூர்ந்து வியந்தனர். 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் அவை ஏறின. 2007இலோ, தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று கூறித் தைத்த பெண்களுட் சிலர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டு வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. சட்டத்தின் முடிவு ஒருபுறமிருக்க, விமர்சனத்தின் முடிவை நாம் ஆராய வேண்டும். அப்பெண்கள் மத்தீஸைப் பார்த்துத் தைத்தவர்கள் அல்லர். முழங்கால் தேய்ந்த காற்சட்டையில் எந்தப் பகுதி கிழியாமல் எஞ்சியதோ அதுவே துண்டின் நீளத்தைத் தீர்மானித்தது. சட்டைப்பையைப் பிரித்த இடத்தில் வெயில் படாத நீலம் கருமையாக நின்றது. அந்தக் கருநீலச் சதுரத்தை வண்ண அமைதி என்று மட்டும் வாசிப்பவர், எத்தனை ஆண்டுகள் எவருடைய முதுகு வெயிலில் நின்றதால் சுற்றியுள்ள துணி வெளுத்தது என்பதை வாசிக்கவில்லை. பாதி எழுத்தை விட்டுவிட்டுப் பாட்டை வாசிப்பது போன்றது அது.

கலை கலைக்காகவே என்போரின் இப்பிழையை எடுத்துரைப்பது நமக்கு எளிது. அதற்கு நேர் எதிரான பிழையொன்று நம் அணியிலேயே உண்டு. கந்தைப் போர்வையைக் கண்டதும் அதைச் சுரண்டலின் சாட்சியென்று மட்டும் கொள்வது அப்பிழை. வறுமை நீங்கினால் கந்தையும் நீங்கும். ஆதலால் அதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் உள்ளனர். 1942இல் ஜீஸ் பென்டைச் சேர்ந்த மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண், கணவன் இறந்தபின் அவனுடைய வேலையுடைகளை எல்லாம் வெட்டி ஒரு போர்வை தைத்தாள். அவனை நினைவில் வைப்பதற்கும் அவன் அன்பைப் போர்த்திக்கொள்வதற்கும் என்று அவள் கூறியதை மகள் பின்னாளில் நினைவுகூர்ந்தாள். குளிருக்கு ஒரு போர்வை வேண்டியிருந்தது, அது வறுமை. எந்தத் துணியை எதனருகே வைப்பது என்று அவள் நெடுநேரம் எண்ணியிருப்பாள்; அது கலை. முதலாவதை மட்டும் காண்பவர் அவளை இரக்கத்துக்குரிய பொருளாக்குகிறார். இரண்டாவதை மட்டும் காண்பவர் அவளை அலங்காரப் பொருளாக்குகிறார். இருவர் கையிலும் அவள் ஆளாக இல்லை. தேவை அவளுக்கு விதித்த எல்லைக்குள் அவள் என்ன தேர்ந்தாள் என்று கேட்பதே விமர்சனத்தின் கடன்.

1973இல் வெளிவந்த ஆலிஸ் வாக்கரின் ‘எவ்ரிடே யூஸ்’ என்னும் சிறுகதை இதனையே ஒரு குடும்பச் சச்சரவாக்கிக் காட்டுகிறது. பாட்டியின் பழைய உடைகளாலும் முன்னோரின் சட்டைத் துண்டுகளாலும் தைத்த போர்வைகள் இரண்டு. படித்துப் பட்டணம் சென்ற மூத்த மகள் டீ, அவற்றைச் சுவரில் தொங்கவிட வேண்டுமென்கிறாள். வீட்டிலேயே தங்கிய மாகி அவற்றைப் போர்த்திக் கிழித்துவிடுவாள் என்பது அவள் அச்சம். தாய் அவற்றை மாகியிடமே கொடுக்கிறாள். கிழிந்தால் இன்னொன்று தைக்க மாகிக்குத் தெரியும் என்பது தாயின் நியாயம். டீயின் அக்கறை முழுப்பொய் என்று நாம் கூறமாட்டோம். நூதனசாலை இன்றேல் மானதாசுந்தரியின் பெயர் நமக்கு எட்டியிராது. ஆனால் பொருளைக் காப்பது வேறு, அதைச் செய்யும் கையைக் காப்பது வேறு. முன்னதைமட்டும் காக்கும் பண்பாடு தன் இறந்த காலத்துக்குக் காவலாளியாகவே நின்றுவிடும்.

இனி நம் வாசலுக்கு வருவோம். நாம் வாழும் புதுக்கடை, நாட்டின் உயர் நீதிமன்றங்கள் அமைந்த இடம். சாட்சியம் என்றால் என்னவென்று அறிந்த இடமென்றும் சொல்லலாம். சூசன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய ‘டிரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகத்தில், கணவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படும் பெண்ணின் வீட்டை அதிகாரிகள் சோதிக்கின்றனர். அடுப்படியில் கிடக்கும் போர்வைத் துண்டுகளைக் கண்டு நகைத்துவிட்டு மாடிக்குச் செல்கின்றனர். உடன்வந்த பெண்கள் இருவரோ, ஒரு துண்டில் மட்டும் தையல் தாறுமாறாக ஓடியிருப்பதைக் கண்டு, அவள் மனம் முறிந்த நாளை அறிந்துகொள்கின்றனர். சட்டம் தேடிய காரணம் அற்பமென்று ஒதுக்கப்பட்ட தையலில் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் கீழே இருந்தார்கள். தீர்ப்பளிக்கும் அதிகாரமுடையோர் மாடியில் இருந்தார்கள்.

நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள ஒடுங்கிய சந்துகளிலும் அடுத்துள்ள வாழைத்தோட்டத்திலும் இன்றும் பழஞ்சேலைக்கு ஓய்வில்லை. அது ஏணையாகிறது, குழந்தைக்கு விரிப்பாகிறது, மறைப்புத் திரையாகிறது, இறுதியில் பிடிதுணியாகிறது. நடைபாதைகளில் கால்மிதிகள் விற்கின்றனர். ஆடைத் தொழிற்சாலைகளில் கழிந்த வெட்டுத்துண்டுகளால் தைத்தவை அவை. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்ட நாள்முதல், நம் நாட்டுப் பெண்களின் விரல்கள் உலகுக்கெல்லாம் உடை தைக்கின்றன. அந்த உடையில் அவர்களது கைச்சுவடு தெரியக்கூடாது; தெரிந்தால் அது பழுதென்று கழிக்கப்படும். பொருநராற்றுப்படையின் அளவுகோல் ஏற்றுமதித் தொழிலில் தர நிர்ணயமாக உயிர் வாழ்கிறது. கழித்த துண்டை மிதியடியாக்கும் பெண்ணின் தையலில்தான் நூல் வெளியே தெரிகிறது. அதன்மேல் நாம் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே செல்கிறோம்.

இத்தீவில் கந்தைக்கு ஓர் உயர்ந்த மரபும் உண்டென்பதை மறத்தலாகாது. புத்தரின் துறவியர் குப்பையிலும் சுடலையிலும் கிடந்த துணியைப் பொறுக்கித் தைத்து உடுத்தனர். மகத நாட்டு வயல்களின் வரப்புகளைக் காட்டி அதுபோல் சீவரம் அமைக்கப் புத்தர் கூற, ஆனந்தர் துண்டுகளை இணைத்து வடிவமைத்தார் என்று விநய நூல் சொல்கிறது. இன்றும் சீவரம் துண்டுகளாக வெட்டித் தைக்கப்படுகிறது. ஆனால் துணி புதியது. மரணச் சடங்கில் பாம்சுகூலம் என்ற பெயரால் அளிக்கப்படுவதும் புது வெள்ளைத் துணியே. உடைமை துறத்தலின் அடையாளமாகப் பிறந்த ஒட்டுத்தையல், உடைமையுள்ள சமுதாயத்தில் புதுத்துணிக்கு ஏறிய விதத்தை இதிற் காணலாம். காந்தா பட்டுக்கு ஏறியதும் இவ்வாறே.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நேரடிப் பொறுப்பு உண்டு. நம் பாடசாலைகளில் மனைப்பொருளியல் ஒரு வகுப்பறையில் நடக்கிறது. தமிழ் இலக்கியம் அடுத்த வகுப்பறையில் நடக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் ஊசியும் எழுத்தும் பிரிகின்றன. ஒட்டுப் போட்ட சீருடையோடு வரும் மாணவன் புத்தகப் பையால் அந்த ஒட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறான். இரவு விளக்கில் அதைத் தைத்த தாயின் வேலையையே அவன் மறைக்கிறான். அவனுக்கு வறுமையைப் புகழ்ந்துரைக்க வேண்டியதில்லை. கிழியாத சட்டை அவனது உரிமை, அதற்காகப் போராடுவது நம் கடமை. ஆனால் அந்தச் சட்டை கிடைக்கும் நாளிலும், தன் தாயின் தையலை வெட்கப்பட வேண்டிய ஒன்றென்று அவன் எண்ணலாகாது. பொருநன் களைந்தெறிந்த துணியைப் பற்றிய பகுதியைக் கற்பிக்கும்போது, அதிலிருந்த வேற்று நூலைக் கோத்தது யார் கை என்று வகுப்பில் ஒரு வினா எழுப்புவோம். நம் பாடநூல் உரைகள் இதுவரை கேளாத வினா அது. விடை சொல்லத் தெரிந்த மாணவர் நம் வகுப்புகளில் பலர் இருக்கிறார்கள்.